செங்கல் செங்கலாகத் திரும்பி வந்த பப்

2015 ஈஸ்டர் திங்கட்கிழமை, லண்டனின் கில்பர்ன் பகுதியில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை நடத்தி வந்த பெண்மணியிடம் அன்றைக்குக் கடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சாமான்களைக் கணக்கெடுக்க வேண்டுமாம். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8ஆம் தேதி, புல்டோசர் வந்தது. அக்கம்பக்கத்தார் என்ன ஏது என்று கேட்பதற்குள் கட்டடத்தின் பெரும்பகுதி செங்கல் குவியலாகிவிட்டது.

இடித்த உரிமையாளர்களிடம் அதற்கான அனுமதி இல்லை. அந்த இடத்தில் பத்து ஃபிளாட் கட்டுவதற்கு அவர்கள் போட்ட விண்ணப்பத்தை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நிராகரித்திருந்தது. போதாததற்கு, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இதைச் சேர்க்கலாமா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு பரிசீலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் அப்புறம் ஒரு கதவுப் பிடியை மாற்றக்கூட மனு போட வேண்டியிருக்கும். அவசரத்துக்குக் காரணம் அதுதான் என்று ஊர் பேசிக்கொண்டது.

லண்டனில் பப் இடிபடுவது ஒன்றும் பெரிய செய்தி இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இப்போது 45,000க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மூடியவற்றில் பல வீடாகிவிட்டன, சில சூப்பர் மார்க்கெட்டாகிவிட்டன, சில மசூதியாகவும் கோயிலாகவும்கூட மாறியிருக்கின்றன. ஆனால் தரைமட்டமான ஒரு பப், அதே இடத்தில், அதே அளவில், அதே ஓடுகளோடு ஆறு வருஷம் கழித்துக் கதவைத் திறந்தது என்றால் அதை உட்கார்ந்து விசாரிக்கத்தான் வேண்டும்.

எனக்கு இதில் கொஞ்சம் கட்சி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிழைப்பு கட்டட அளவை. பழைய கட்டடங்களுக்குள் டேப்பும் லேசர் கருவியும் எடுத்துக்கொண்டு போய், சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், ஜன்னலுக்கு மேலே எத்தனை வரிசைச் செங்கல் என்று அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பேன். யாரும் கைதட்டாத வேலை. கார்ல்டன் டேவர்ன் கதையில் மட்டும் எங்கள் ஆட்கள்தான் கதாநாயகர்கள்.

பப் என்றதும் டாஸ்மாக் பாரை மனசில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. அதன் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

கில்பர்ன் ஹை ரோடு ரோமானியர் காலத்து வாட்லிங் ஸ்ட்ரீட்டின் மேலேயே போகிறது. அதே பழைய பாதையில் சற்றுத் தெற்கே பிரிகிற கார்ல்டன் வேல் தெருவில், வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலும் பிரென்ட் கவுன்சிலும் உரசிக்கொள்ளும் எல்லையில், பேடிங்டன் ரெக்ரியேஷன் கிரவுண்டை ஒட்டி இந்தப் பப் இருக்கிறது. மருத்துவ மாணவராக இருந்த ரோஜர் பேனிஸ்டர், நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிக் காட்டுவதற்கு முன்னால் பயிற்சி எடுத்த மைதானம் அது. இதே இடத்தில் முன்பு வேறொரு பப் இருந்தது. 1918இல், முதல் உலகப் போரின் கடைசி வருஷத்தில், ஜெர்மானியர்களின் வான் தாக்குதலில் அது அழிந்தது. அதற்குப் பதிலாக 1920-21இல் சாரிங்டன் என்ற மதுவடிப்பு நிறுவனம் புதிதாகக் கட்டியதுதான் கார்ல்டன் டேவர்ன். வடிவமைத்தவர் ஃபிராங்க் பாட்டர் என்று சொல்கிறார்கள். அடுத்த போரில் லண்டன் மீது மாதக்கணக்கில் குண்டு பொழிந்தபோது அந்தத் தெருவில் தப்பிய ஒரே கட்டடம் இதுதான் என்பது ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்லும் பெருமை. ஹிட்லரால் முடியாததை இவர்கள் செய்துவிட்டார்கள் என்று 2015இல் அவர்கள் திட்டியதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

1920 என்ற காலத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு. 1915இல் பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்த லாய்ட் ஜார்ஜ், ‘ஜெர்மனி, ஆஸ்திரியா, குடி’ என்று மூன்று எதிரிகளோடு நாம் போரிடுகிறோம், மூன்றில் பெரிய எதிரி குடிதான் என்று பேசினார். வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி காலையிலேயே பப்புக்குப் போய்விட்டால் பீரங்கிக்குக் குண்டு எங்கிருந்து வரும்? பப் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள், மத்தியானம் மூடச் சொன்னார்கள். அடுத்தவனுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பதையே குற்றமாக்கினார்கள். ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் சேர்த்து வாங்குவது, அதாவது ‘ரவுண்டு’ போடுவது, பப் கலாச்சாரத்தின் உயிர்நாடி. அதன் கழுத்தையே நெரித்தார்கள். போர் முடிந்ததும் ரவுண்டு திரும்பியது. மத்தியானம் மூடும் வழக்கம் மட்டும் 1988 வரை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே போருக்குப் பிந்தைய பப்களைக் கட்டியவர்களுக்கு ஒரு நெருக்கடி. இது வெறும் குடிக்கிற இடம் இல்லை, மரியாதைப்பட்ட இடம் என்று காட்ட வேண்டும். சாப்பாடு கிடைக்கும், பெண்கள் வரலாம், குடும்பத்தோடு வந்து உட்காரலாம் என்ற தோற்றம் வேண்டும். கார்ல்டன் டேவர்னின் மரப் பலகைச் சுவரும், பூவேலை செய்த கூரையும், வெளியே பளபளக்கும் மெருகேற்றிய சுடுமண் ஓடுகளும் அந்த நெருக்கடியில் பிறந்த அழகு. அந்த அலங்காரம் பெரும்பாலும் யாரும் கை வைக்காமல் 2015 வரை நின்றதுதான் நிபுணர்களின் கண்ணில் பட்டது. லண்டன் பப்களில் உள் அலங்காரத்தைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை பிய்த்து மாட்டுவார்கள்.

அந்தக் காலத்துப் பப்புக்குள் வகுப்பும் உண்டு. பப்ளிக் பாரில் வேலை உடையோடு வந்து நின்று குடிக்கலாம். சலூன் பாரில் தரைவிரிப்பு, மெத்தை இருக்கை, அதே பியருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. ஒரே கூரை, ஒரே பீப்பாய், நடுவில் ஒரு தடுப்பு. பழைய பப்களை அளக்கப் போகும்போது கூரையில் அந்தத் தடுப்பு இருந்த தழும்பு தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த தழும்பு அது.

சமூக இடம், சமூக இடம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படி என்னதான் நடக்கிறது அங்கே? போருக்குப் பின் கில்பர்னிலும் பக்கத்துக் கிரிக்கிள்வுட்டிலும் அயர்லாந்துக்காரர்கள் வந்து குவிந்தார்கள். லண்டனின் சாலைகளையும் சுரங்கங்களையும் தோண்டியவர்கள். அவர்களுக்குப் பப்தான் வேலைவாய்ப்பு அலுவலகம். மேஸ்திரி அங்கேதான் ஆள் பிடிப்பார். வங்கியும் அதுவே. கூலிக் காசோலையைப் பப்காரரிடம் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்வார்கள், மாற்றுவதற்குக் கைம்மாறாகக் கொஞ்சம் அங்கேயே செலவழிக்கவும் வேண்டும். இதில் சுரண்டல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாடகை அறையில் படுக்க மட்டும் இடம் கிடைத்த ஒருவனுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே அறையாகவும் அது இருந்தது. அடக்கம் முடிந்து வருகிறவர்கள் போவதும் பப்புக்குத்தான், குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து போவதும் அங்கேதான். கால்பந்துக் குழுவுக்குச் சட்டை வாங்க உண்டியல் வைப்பார்கள். வாரம் ஒரு நாள் வினாடி வினா. நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்குக் கூரை போட்டுக் கணப்பும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இடம்.

அந்த அறையின் கதவு எல்லாருக்கும் திறந்ததில்லை என்பதையும் சொல்லாமல் போனால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். 1950களிலும் 60களிலும் பல பப்களில் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் பியர் ஊற்ற மாட்டார்கள், அல்லது ஒரு மூலை பாரில் மட்டும் ஊற்றுவார்கள். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்மெத்விக் ஊருக்கு 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜோல் அவரை புளூ கேட்ஸ் என்ற பப்புக்கு அழைத்துப் போனார். அங்கே ‘ஸ்மோக் ரூம்’ எனப்படும் உள்ளறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பிரிட்டனில் முதல் இன உறவுச் சட்டம் வந்து, பொது இடங்களில் இப்படிப் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதமானது. சட்டம் வந்ததும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. காலப்போக்கில் பர்மிங்ஹாமைச் சுற்றியுள்ள மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் பஞ்சாபிகளே பல பப்களை வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். இன்று ‘தேசி பப்’ என்று வெள்ளைக்காரர்களும் தேடிப் போய்ச் சாப்பிடுவது அங்கேதான்.

இதை இடையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பப்பைக் காப்பாற்றுங்கள் என்று யாராவது கண் கலங்கினால் எனக்கு உடனே கூடக் கலங்க வராது. யாருடைய பழைய பப் என்று கேட்கத் தோன்றும். கார்ல்டன் டேவர்ன் விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஏக்கம் இல்லை, ஊர்க்காரர்களின் சந்தேக புத்தி.

இடிபடுவதற்கு முன்பே அவர்களுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கட்டடத்தை வாங்கியவர்கள் பப் நடத்த வாங்கவில்லை என்று புரிந்ததும், அதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். (அப்போது அந்தப் பொறுப்பு இங்கிலீஷ் ஹெரிடேஜிடம் இருந்தது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அதைப் பிரித்து ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்று புதுப் பெயர் வைத்தார்கள். இடிப்புக்கு ஒரு வாரம் முன்னால்!) மனுவை ஒட்டி ஆட்கள் வந்து கட்டடத்தை உள்ளும் புறமும் படம் எடுத்தார்கள், விவரங்களைப் பதிந்தார்கள். ஓடுகளுக்கு பிளாஸ்டர் அச்சுகூட எடுத்து வைத்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இடித்தவர்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். அல்லது தெரிந்தும் அதன் மதிப்பு தெரியவில்லை.

ஏனென்றால் இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமான வாதம், ‘போனது போய்விட்டது, எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?’ என்பதுதான். அபராதம் கட்டிவிட்டு, கொஞ்ச நாள் வேலி போட்டுக் காலியாக வைத்திருந்து, பிறகு ஃபிளாட் கட்டிக்கொள்ளலாம். லண்டனில் மனை விலைக்கு முன்னால் அபராதம் எல்லாம் சில்லறை. இந்த முறை கவுன்சில் அபராதத்தோடு விடவில்லை. இடித்த கட்டடத்தை முன்பு இருந்தபடியே அச்சு அசலாகத் திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. அதை எதிர்த்து உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள், 2016இல் பொது விசாரணை நடந்தது, ஜூலையில் திட்டமிடல் ஆய்வாளர் கவுன்சில் பக்கமே தீர்ப்புச் சொன்னார். கட்டி முடிக்க இரண்டு வருஷம் அவகாசம். உண்மையில் இழுத்தடித்து இன்னும் நீண்டது. 2021 ஏப்ரல் 12ஆம் தேதி, கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இங்கிலாந்தில் பப்கள் திறந்தவெளியில் பரிமாறலாம் என்று விட்ட முதல் நாளிலேயே, கார்ல்டன் டேவர்ன் திறந்தது.

அச்சு அசல் என்று எழுதுவது சுலபம், கட்டுவது கஷ்டம். இங்கிலாந்தில் செங்கல் 1970களில் மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டது. இன்றைய செங்கல் 65 மில்லிமீட்டர் உயரம், பழையது பெரும்பாலும் அதைவிடத் தடிமன். புதுச் செங்கலை வைத்துக் கட்டினால் பத்து வரிசை ஏறுவதற்குள் ஜன்னல் மட்டம் பிசகிவிடும். அதனால் பழைய அளவில் தனியாகச் சூளை போட வேண்டும், அல்லது இடிபாட்டிலிருந்து பொறுக்க வேண்டும். இங்கே இடிபாட்டிலிருந்து ஓடும் செங்கலும் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுடுமண் ஓடு இன்னும் வில்லங்கம். ஈரக் களிமண் காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே பழைய ஓட்டின் மேல் அச்சு எடுத்து அதிலேயே புது ஓடு வார்த்தால் சிறிசாகத்தான் வரும். அளவு தெரிந்து, சுருக்கத்தைக் கணக்குப் பார்த்து, அச்சைப் பெரிசாகச் செய்ய வேண்டும். வெறும் புகைப்படத்தை வைத்து இதைச் செய்ய முடியாது. அளந்த காகிதம் வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் மதுரைப் பையன் ஒருவனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். வெளியே நின்று ஓடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, என்ன இருந்தாலும் இது ஜெராக்ஸ்தானே?” என்றான்.

“சரிடா, ஜெராக்ஸ்தான். ஒரிஜினல் எங்கே?”

“அதான் இடிச்சிட்டாங்களே.”

“அப்ப நீ எதைக் கொண்டுபோய் ரிஜிஸ்டர் ஆபீஸில் காட்டுவ?”

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டடக்கலைஞர்களிலேயே பலர் அவன் கட்சிதான். போலியாகக் கட்டுவதைவிட நல்லதாகப் புதுசாக ஒன்று கட்டியிருக்கலாம் என்பார்கள். வேறு சந்தர்ப்பத்தில் நானும் அதையே சொல்வேன். பழைய மாதிரி வேஷம் போடும் கட்டடங்கள் எனக்குப் பிடிக்காது. ஆனால் இங்கே புதிதாகக் கட்ட விட்டிருந்தால் இடித்தவர்களுக்கு அது பரிசு ஆகியிருக்கும். மற்ற எல்லாப் பப் உரிமையாளர்களும் ஈஸ்டர் லீவை எதிர்பார்த்துக் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

உள்ளே போனால் மைதானத்திலிருந்து சேறு ஒட்டிய காலணியோடு வரும் பிள்ளைகள், அவர்களுக்கு சிப்ஸ் வாங்கும் அப்பாக்கள், மேஜைக்கடியில் நாய்கள். எலுமிச்சைச் சோடாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முறைப்பதில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் எங்கள் கையில் டேப் இருந்ததைப் பார்த்துவிட்டு, “நீங்கள் கவுன்சில் ஆளா, இல்லை வாங்கப் போகிறவர்களா?” என்று விசாரித்தார். விளையாட்டாகக் கேட்டது போலத்தான் இருந்தது, ஆனால் பதில் சொல்லும் வரை பார்வையை எடுக்கவில்லை. மனு போட வேண்டும் என்றால் முதலில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும், ஆள் சேர ஒரு அறை வேண்டும். கட்டடத்தைக் காப்பாற்றிய கூட்டத்தை உண்டாக்கியதே அந்தக் கட்டடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் சட்டமும் கொஞ்சம் நகர்ந்தது. 2017 மே முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு கடையாக மாற்றவோ முறையான திட்ட அனுமதி வேண்டும். அதற்கு முன் பல சந்தர்ப்பங்களில் முழு அனுமதி இல்லாமலே அதைச் செய்துவிடலாம். 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஊர்க்காரர்கள் ஒரு கட்டடத்தை ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பதிவு செய்யலாம், விற்பனைக்கு வந்தால் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். தென் லண்டன் நன்ஹெட்டில் இருக்கும் ஐவி ஹவுஸ்தான் அப்படிப் பதிவான முதல் கட்டடம். 371 பேர் பங்கு வாங்கி, கடனும் மானியமும் சேர்த்து, 2013இல் 8,10,000 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். 1970களில் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ போன்றவர்கள் பெயர் எடுப்பதற்கு முன் வாசித்த மேடை அதற்குள் இருக்கிறது. இன்று அதை நடத்துவது கூட்டுறவுச் சங்கம்.

இப்போது எல்லார் கண்ணும் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி ஊருக்குப் பக்கத்தில் இருந்த குரூக்கட் ஹவுஸ் மீது. 1765இல் பண்ணை வீடாகக் கட்டியது, அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கம் புதைந்து, மறுபக்கத்தைவிட நாலு அடி தாழ்ந்துபோய், கோணலுக்காகவே பேர் வாங்கிய பப். 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு தீப்பிடித்தது, இரண்டு நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. விற்பனையாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. 2024 பிப்ரவரியில் கவுன்சில், தீக்கு முன் இருந்தபடி மூன்று வருஷத்துக்குள் கட்டித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். உதாரணம் காட்ட எல்லாரும் இழுப்பது கார்ல்டன் டேவர்னைத்தான்.

எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கார்ல்டன் டேவர்னைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் கண்கள். குரூக்கட் ஹவுஸ் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், ஒரு ஒற்றையடித் தடத்தின் முனையில் இருந்தது. அதன் ரசிகர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் குறைவு. ஆனால் தொழில்காரனாகப் பார்த்தால் அந்த வேலைக்கு யாராவது என்னைக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது. இத்தனை வருஷமாக எந்தச் சுவர் செங்குத்தாக இல்லை என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அங்கே எந்தச் சுவராவது செங்குத்தாக வந்துவிட்டால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்ல வேண்டும்.